இரண்டே சீட், இடம் மாறிய ஃபில்டர்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அக்கா வீட்டு சோபாவில் படுத்திருந்தபோது காதில் விழுந்தது. இரவு ஷிப்ட் வேலையை விட்டு வந்தவனுக்குப் பகலில் தூக்கம் வராது. காது மட்டும் நன்றாக வேலை செய்யும்.

"இன்னொரு தடவ நடுரோட்டுல நின்னுச்சுன்னா வித்துடணும். ஞாயித்துக்கிழம வாங்குறதுக்கு ஆள் வர்றாரு" என்றாள் அக்கா.

"ஃபில்டர இடம் மாத்தி வெச்சா நிக்காதும்மா." இது அவள் கணவர், என் மாமா.

"இதுவரைக்கும் எதையெதையோ மாத்தியாச்சு. பாக்கி இருக்கறது நான்தான்."

பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. இரண்டே சீட். மாமாவுக்கு அதன்மேல் உயிர். அது அவர் கையைவிட்டுப் போகுமா, போகாதா என்பதுதான் கதை.

2

முதல் வரிக்குச் செய்த முயற்சிகள்:

மலைச்சாலையில் சிவப்பு மின்னலாய்ச் சீறிப் பாய்ந்த (அந்தக் கார் சீறியதே இல்லை. இருமும்.)

பெட்ரோல் என்பது மனித ஆசையின் (சீ.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஃபில்டர் என்பது பெட்ரோலில் வரும் தூசியைப் பிடிக்கும் சின்ன டப்பா. இந்தக் காரில் யாரோ ஒரு புண்ணியவான் அதைக் காருக்கு அடியில் சைலன்சர் பைப்பை ஒட்டி மாட்டியிருந்தார். மேடு ஏறினால் பைப் கொதிக்கும். பக்கத்திலிருக்கும் ஃபில்டரும் கொதிக்கும். உள்ளே பெட்ரோல் ஆவியாகி, கார் நின்றுவிடும். சூடு ஆறினால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். ஆறும்வரை அக்கா கைப்பையோடு ரோட்டோரம் நிற்பாள். மாமா காருக்கு அடியில் படுத்திருப்பார்.

3

மெக்கானிக்கின் பட்டப்பெயர் டர்போ. கதாபாத்திரமாகவும் மெக்கானிக்காகவும் அவர்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஊரில் இந்தக் காரைத் தொடச் சம்மதித்தவர் அவர் ஒருவர்தான்.

"சீட்டுக்குப் பின்னாடி வெச்சுடலாம் சார். எப்பவும் கண்ணு முன்னாடியே இருக்கும்."

"பின்னாடி வெச்சா எப்படிய்யா கண்ணு முன்னாடி இருக்கும்?"

"கண்ணாடில பாத்துக்கலாம் சார்."

"என் தலைக்குப் பின்னாடி பெட்ரோலா?" என்றாள் அக்கா. "நான் என்ன விளக்குத்திரியா?"

கடைசியில் ஃபில்டர் காரின் அடியிலேயே மறுபக்கம் போனது, சைலன்சர் சூடு எட்டாத இடத்துக்கு. புது டியூப். ஃபில்டரைத் தாங்கிப் பிடிக்க ஒரு புதுத் தகடு.

"சிங்கம் மாதிரி புடிக்கும் மேடம்" என்றார் டர்போ.

(நானும் இந்தப் பகுதியைத் தூக்கி இரண்டாம் பகுதிக்கு முன்னால் வைத்துப் பார்த்தேன். கதை அதே இடத்தில்தான் நின்றது. திருப்பி மாட்டிவிட்டேன்.)

4

ஞாயிறு வருவதற்கு முன்பே ஒரு முடிவு எழுதினேன். கெட்ட பழக்கம். கார் நிற்காமல் ஓடத் தொடங்கியபின் அக்காவுக்கு ஏக்கம் வருகிறது: அந்த ரோட்டோரக் காத்திருப்பில்தான் அவர்கள் இருவரும் மனம்விட்டுப் பேசி

அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"டேய், அவர் தலை காருக்கு அடில இருந்துது. நான் பேசினது ரெண்டு செருப்புகூட."

அந்த முடிவை அடித்துவிட்டேன்.

5

ஞாயிறு. மலை உச்சிவரை நிற்காமல் போய்த் திரும்பவேண்டும்; நின்றால் கார் கைமாறும். காரை வாங்க வந்தவர் டர்போவின் பட்டறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாமா வெள்ளைச் சட்டையில் வந்தார், நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்போல. அக்கா பக்கத்து சீட்டில் ஏறினாள். கார் கிளம்பியது.

இங்கேதான் எனக்குச் சிக்கல். இரண்டே சீட். கதைசொல்லிக்கு இடமில்லை. டிக்கியில் ஸ்டெப்னி இருந்தது.

ஆகவே நான் பார்த்தது பட்டறையை மட்டும்.

"நின்னுருக்குமோ?" என்றார் வாங்க வந்தவர், ஆசையாக.

"என் வேல நிக்காது சார்" என்றார் டர்போ.

"வேல நிக்காது. கார்?"

டர்போ டீ வாங்கப் போய்விட்டார்.

அவர் திரும்பி வந்து, டீ ஆறி, அதை மூவரும் குடித்து முடித்தபிறகு கார் வந்தது. மாமாவின் சட்டை முதுகில் ஒரு பொட்டு அழுக்கில்லை. அக்காவின் பத்து விரலும் கறுப்பு. கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. காலையில் அதில் குத்தியிருந்த பெரிய இரும்பு கிளிப்பைக் காணவில்லை.

"நின்னுச்சா?" என்றார் வாங்க வந்தவர்.

மாமா அக்காவைப் பார்த்தார்.

"நிக்கல" என்றாள் அக்கா.

"கையெல்லாம்..."

"நிக்கலன்னேனே."

டர்போ குனிந்து காருக்கு அடியில் பார்க்கப் போனார்.

"அடில ஒண்ணும் பாக்கவேணாம்" என்றாள். வாங்க வந்தவர் எழுந்து, நாற்காலியை மடக்கி வைத்துவிட்டுப் போனார்.

6

முடிவு (அ): தகடு கழன்றது. அக்கா கிளிப்பை உருவி

முடிவு (ஆ): கார் நிற்கவே இல்லை. உச்சியில் அக்காவே நிறுத்தச் சொல்லி

இரண்டையும் பாதியில் விட்டிருக்கிறேன். மாமாவைக் கேட்டால் சிரிக்கிறார். அக்காவைக் கேட்டேன்.

"நீதான் பெரிய எழுத்தாளராச்சே. எழுதிக்கோ."

எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியவேண்டுமென்றால் நீங்களே ஒருமுறை மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் இரண்டே சீட். நீங்கள் ஏறவேண்டுமானால் ஒருவர் இறங்கவேண்டும். மாமா இறங்கமாட்டார். அக்காவிடம் 'கொஞ்சம் இறங்குங்க' என்று நீங்களே சொல்லுங்கள். நான் சொல்லமாட்டேன். இன்னும் அவள் வீட்டு சோபாவில்தான் படுத்திருக்கிறேன்.