தெற்கா, தென்மேற்கா

"அண்ணி, அந்தக் கோட்டை இன்னும் எத்தனை தடவை தேய்ப்ப? பொசுங்கிடப் போகுது."

"பொசுங்கினா பொசுங்கட்டும். உங்கண்ணன் ஆஸ்பத்திரிக்குப் பைஜாமாவோட போனாரு. குழிக்குள்ள போறப்பவாவது மரியாதையா போகட்டும்."

கிளியோமி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அடுப்படியில் நாத்தனார் யூலீஸ் பட்டாணிச் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். குழி வெட்டியவர்களுக்கான சாப்பாடு அது. எங்கள் தீவில் மண் என்று பெயருக்குத்தான் உண்டு, தோண்டினால் பாறை. ஆண்கள் கடப்பாரையால் இடித்து இடித்து, சின்ன வயதிலேயே போய்விட்ட மகளுக்குப் பக்கத்தில், கிளியோமியின் கணவர் ஹெஸ்ரனுக்கு இடம் செய்திருந்தார்கள். அவர் தலைநகர் நாசோவின் ஆஸ்பத்திரியிலிருந்து தபால் படகில், பெட்டிக்குள், ஐஸுக்கு நடுவில் வந்துகொண்டிருந்தார்.

ஜனவரிக்கு ஒவ்வாத புழுக்கம். தெற்குக் காற்று ஈரத் துணிபோல் மேலே ஒட்டியது. வடமேற்கில் கடலை ஒட்டினாற்போல் ஒரு கறுப்புக் கோடு.

"வடக்கன் வர்றான்," என்றாள் யூலீஸ், ஜன்னல் வழியே பார்த்து. குளிரைக் கொண்டுவரும் அந்தக் காற்றை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். "படகு முந்துமா, அவன் முந்துவானா?"

"படகு முந்தும்."

"முந்தலைன்னா அடுத்து எங்க போய் நிக்கும்னு தெரியும்ல?"

"தெரியும். வாயை மூடு."

"நான் எந்தப் பேரையும் சொல்லலையே. பார்க்கர் தீவுன்னுகூட சொல்லல."

"இப்பச் சொல்லிட்ட."

எந்தக் காற்றிலும் படகு ஒதுங்கக்கூடிய பார்க்கர் தீவில் ஐனெஸ் இருந்தாள். ஹெஸ்ரன் மீன் பிடிக்கப் போன காலத்தில் வாரக் கடைசியில் ரேடியோவில் கூப்பிடுவார்: "கிளியோமி, காத்து திரும்பிடுச்சு. இன்னிக்கு பார்க்கர் தீவுலயே தங்கிக்கறேன்." கிளியோமி ஜன்னலைப் பார்ப்பாள். கொடியில் துணி சமர்த்தாக, வழக்கமான கிழக்குக் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். "சரி, பத்திரமா இருங்க," என்பாள். ரேடியோவில் ஒருவர் பேசுவதை எல்லாத் தீவும் கேட்கும். கேட்டு, சிரித்து, ஓய்ந்தும் போனார்கள்.

எங்கள் படகுத்துறை மேற்குப் பக்கம். தெற்குக் காற்றுவரை பிரச்சினை இல்லை. அது தென்மேற்காகத் திரும்பிவிட்டால் அலை துறைமேல் ஏறி அடிக்கும். படகு வருவதோ கிழக்குப் பக்கமிருந்து. பாறைகளுக்கு நடுவே உள்ள சந்தில் நுழைந்துவிட்டால் திரும்ப வழியில்லை. நுழையும்வரை துறையும் கண்ணில் படாது. அதனால் கேப்டன் ஆர்மண்ட் ரேடியோவில் கரையைக் கேட்பார். துறைக்கு எதிர் ஜன்னல் கிளியோமியுடையது. பதில் சொல்வதும் எப்போதும் அவள்தான்.

ரேடியோ கரகரத்தது.

"அக்கா, ஆர்மண்ட் பேசறேன். சந்துக்கிட்ட வந்துட்டேன். காத்து எங்க இருக்கு?"

கிளியோமி ஜன்னலுக்குப் போனாள். காலையில் கொடியில் போட்ட மேசை விரிப்பு வடக்கே மாதா கோயில் பக்கம் பறந்துகொண்டிருந்தது. இப்போது கொஞ்சம் ஒதுங்கி, வடகிழக்கே புளியமரத்துப் பக்கம் நீண்டது. தொய்ந்தது. மறுபடி புளியமரத்துக்கே போனது.

"தெற்குன்னு சொல்லு," என்றாள் யூலீஸ், குரலை அடக்கி.

"பார், புளியமரத்துக்குப் போகுது."

"முக்காவாசி தெற்குதான். அண்ணி, எங்கண்ணன் அவ வாசல்லயா இறங்கணும்? ஊர் சிரிக்கவா?"

"படகுல ஆளுங்க இருக்காங்க யூலீஸ்."

"ஆர்மண்ட் இதைவிட மோசமான அலையில எல்லாம் வந்திருக்கான்!"

ரேடியோவில் மறுபடி ஆர்மண்ட். "அக்கா? தெற்கா, தென்மேற்கா? நீங்க தெற்குன்னா வந்துடறேன். அவரை இறக்காம போக எனக்கும் மனசு வரல."

கிளியோமி பொத்தானை அழுத்தினாள். விட்டுவிட்டாள். திரும்ப அழுத்தினாள்.

"தென்மேற்கு," என்றாள். "உள்ள வராத, ஆர்மண்ட்."



"வடக்கன் அடங்க ஒரு வாரம்கூட ஆகும்க்கா. ஐஸ் தாங்காது."

"தெரியும். கொண்டு போ."

யூலீஸ் கரண்டியைப் பானைக்குள்ளேயே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அப்போது வேறொரு குரல் வந்தது, பெண் குரல்.

"கிளியோமி அக்கா."

"வெட்கமில்லாதவ!" யூலீஸ் ரேடியோவைப் பிடுங்கப் பாய்ந்தாள். கிளியோமி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சொல்லு, ஐனெஸ்."

"பாதிரியார் இங்கதான் இருக்காரு. எல்லாம் ஒழுங்கா நடக்கும். நான் பாத்துக்கறேன்."

"அவரோட கோட்டு இங்க இருக்கு."

ஐனெஸ் மெல்ல, "இங்கயும் ஒண்ணு இருக்குக்கா," என்றாள்.

கிளியோமி தேய்த்து வைத்த கோட்டைப் பார்த்தாள்.

"கழுத்துப் பொத்தானைப் போட்டுடாத. அவருக்கு மூச்சு முட்டும்."

"தெரியும்க்கா."

அதற்குப் பிறகு ரேடியோவில் யாரும் பேசவில்லை. எங்கள் தீவுகளில் அது நடக்காத விஷயம்.

கிழக்குப் பக்கத்திலிருந்து படகின் சங்கு நீளமாக ஒருமுறை ஊதியது. துறைமேல் முதல் அலை ஏறி, அங்கே வைத்திருந்த பூக்களை வாரிக்கொண்டு போனது. கறுப்புக் கோடு தலைக்கு மேலே வந்து, மழையைக் கொட்டி, தாண்டிப் போனது. போன கையோடு குளிர்.

குழி வெட்டியவர்கள் நனைந்துபோய் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களில் பெரியவனான வில்மோர் தொப்பியைக் கழற்றினான்.

"குழியை மூடிடட்டுமா அக்கா?"

"எதுக்கு? மறுபடி யாரு பாறையை உடைக்கறது? பலகை போட்டு வை."

"யாருக்கு அக்கா?"

"உனக்கில்ல, பயப்படாத. உள்ள வந்து சாப்பிடுங்க."

யூலீஸ் தரையைவிட்டு எழவில்லை. "ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அண்ணி. ஒரே ஒரு வார்த்தை. அவரு எத்தனை சொன்னாரு!"

"சொன்னாரு. அப்பல்லாம் காத்து திரும்பவே இல்ல." கிளியோமி ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். "இன்னிக்குத் திரும்பிடுச்சு. நான் என்ன பண்ண?"

யூலீஸின் பற்கள் தந்தியடித்தன. அழுகையா குளிரா என்று தெரியவில்லை. கிளியோமி கோட்டை எடுத்து உதறி, அவள் தோளில் போட்டாள்.

"அண்ணனோடதா? வேணாம் அண்ணி."

"போட்டுக்கோ. கழுத்துப் பொத்தானையும் போடு. குளிருது."