ஒன்பதில் ஒன்று

செல்வநாயகி நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வேப்பூருக்குப் போயிருந்தாள். நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. ஐந்தாம் நாள் காலையில் பீங்கான் பட்டறைக்குள் நுழைந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த ஆட்டோ ஓட்டுநர் பொம்மைகள் பலகையின்மேல் ஈரம் மின்ன உட்கார்ந்திருந்தன. பையிலிருந்து தன் மூங்கில் குச்சியை எடுத்து ஒரு பொம்மையின் அருகில் நிறுத்தினாள். குச்சியில் அவள் கீறி வைத்திருந்த கோடு நாலரை அங்குலத்தில் இருந்தது. பொம்மையின் தலை அதற்கு அரை அங்குலம் கீழேயே நின்றுவிட்டது.

அந்த ஓட்டுநரைக் களிமண்ணில் உருவாக்க அவளுக்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது. மங்கலம்பேட்டையில் பிறந்து சென்னையில் வணிகம் செய்யும் அஜீஸா என்பவர் கேட்ட பொம்மை அது. தெருக்காட்சிகளைச் சிறு உருவங்களாக்கி விற்பது அவர் தொழில். ஆட்டோவைத் தகரத்தில் வேறு ஊரில் செய்துவிட்டார். அதில் உட்காரும் ஓட்டுநர் மட்டும் பீங்கானில், விருத்தாசலத்திலிருந்து போகவேண்டும். பொம்மையின் உயரம் சரியாக நாலு அங்குலம். இரண்டு கைமுட்டிகளிலும் துளை. ஆட்டோவின் கைப்பிடிக் கம்பி அந்தத் துளைகளில் நுழையவேண்டும்.

பட்டறையில் இளம் பெண்ணாகச் சேர்ந்தபோது அவளுக்குக் கிடைத்தது, அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் கோட்டைச் சீவி, ஈரப்பஞ்சால் துடைக்கும் வேலை. அந்த வரிசையிலிருந்து எழுந்து மூல உருவம் செய்யும் நாற்காலிக்கு வந்து சேரப் பதினோரு ஆண்டுகள் ஆயின. அந்த நாற்காலியில் அவளுக்குமுன் எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை.

முதலாளி பழமலைநாதனின் மகன் அறிவழகன் கணினியின்முன் இருந்தான். விடுதியில் வளர்ந்து, பெங்களூரில் பொறியியல் படித்து, மூன்று மாதத்துக்குமுன் ஊர் திரும்பியவன்.

"தம்பி, நான் செஞ்சு வச்ச ஆளு எங்க?"

"தொட்டியில போட்டாச்சுக்கா. எப்பவும் அச்சு எடுத்தா களிமண்ணத் தொட்டியிலதான போடுவீங்க?"

"இது என் ஆளுல எடுத்த அச்சு இல்லியே."

"நீங்க நாலரை இஞ்சு செஞ்சிட்டீங்க. படத்துல நாலுதான் இருக்குது. நான் ஸ்கேன் பண்ணிச் சரியாக் குறைச்சு, பிளாஸ்டிக்குல பிரிண்ட் எடுத்தேன். அதுலதான் மோல்டு." மேசைமேலிருந்த சாம்பல்நிறப் பிளாஸ்டிக் ஓட்டுநரைத் தட்டிக் காட்டினான்.

"அது தெரிஞ்சேதான் செஞ்சேன் தம்பி. காயும்போதும் வேகும்போதும் சுருங்கிடும்."

"களிமண்ணுதான்க்கா சுருங்கும். இது பிளாஸ்டிக்கு. ஒரு நூல் சுருங்காது."

அச்சுக்குள் ஊற்றுவது களிமண் கூழ்தானே என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டான். அவள் அவன் தந்தையிடம் போனாள். பழமலைநாதன் முப்பது ஆண்டுகளாகச் சூளையைப் பார்த்தவர். அவருக்கு இதைச் சொல்லித்தரவேண்டியதில்லை. ஆனால் பலகைவரை நடந்து வந்து ஒரு பொம்மையைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. பார்த்தால் மகனைச் சந்தேகித்ததாகிவிடும்.

"அதெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டிருப்பான்மா. நீ போயி வேலையப் பாரு."

அறுநூறு ஓட்டுநர்கள் சூளைக்குள் போனார்கள். அறுநூறு பேரும் குள்ளமாகி வெளியே வந்தார்கள். காக்கிச் சட்டையும் பூசியாயிற்று. குறை யார் கண்ணுக்கும் படவில்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆட்டோ அங்கே இல்லை.

அஜீஸா ஆட்டோவோடு வந்தார். மேசைமேல் அதை வைத்து, ஓர் ஓட்டுநரை இருக்கையில் உட்காரவைத்தார். கைமுட்டிகள் கம்பிக்கு எட்டவில்லை. முன்னே தள்ளினால் இருக்கையிலிருந்து நழுவி விழுந்தான். இரண்டாவது பொம்மையும் விழுந்தது.

"ஏங்க, ஸ்கூலு புள்ளையைக் கொண்டாந்து ஆட்டோவுல உக்கார வச்சிருக்கீங்க. இவனுக்கு லைசென்சு யாரு குடுத்தா?"

பழமலைநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உருவம் செய்யுற அம்மா அளவுல கோட்ட வுட்டுட்டாங்கம்மா. சொல்லித்தான் குடுத்தோம்."

செல்வநாயகி மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவேயில்லை. மகனோ தரையைப் பார்த்தான், மறுக்கவில்லை. அத்தனை ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பெயரை ஒரே வாக்கியத்தில் மேசையிலிருந்து துடைத்துத் தள்ள அவர்களால் முடிந்தது.

அவள் அறிவழகனின் மேசைக்குப் போய், பிளாஸ்டிக் ஓட்டுநரை எடுத்துவந்தாள். ஆட்டோவில் உட்காரவைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது, லேசாக அழுத்தியதும் முட்டித் துளைகள் கம்பியின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டன.

"இது தம்பி செஞ்சதும்மா. வேகுறதுக்கு முன்னாடியே வண்டிக்குச் சரியா இருக்குது பாருங்க. இதுல அச்சு எடுத்தா, வேகுறப்ப ஒம்பதுல ஒரு பங்கு போயிடும். அதுக்காவத்தான் நான் அரை இஞ்சு கூட வச்சிருந்தேன். என்னுதத் தொட்டியில போட்டுட்டாங்க."

அஜீஸா பிளாஸ்டிக்கையும் பீங்கானையும் மாறிமாறிப் பார்த்தார். புரிந்துவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. செல்வநாயகி அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

"உங்க பஞ்சாயத்துல நான் நுழைய முடியாதுக்கா. எனக்கு இருபது நாள்ல சரக்கு வேணும்," என்றவர், அறிவழகன் பக்கம் திரும்பினார். "தம்பி, அக்கா சொன்ன ஒம்பதுல ஒண்ணை உங்க கம்ப்யூட்டர்ல கூட்டிக்க முடியுமா?"

"ரெண்டு நிமிஷம்ங்க," என்றான் அவன். முகம் வெளுத்திருந்தாலும் விரல்கள் ஓடின. டீ வந்து, ஆறுவதற்குள், திரையில் ஓட்டுநர் நாலரை அங்குலத்துக்கு வளர்ந்துவிட்டான்.

தன் பெயரைக் காப்பாற்ற எடுத்து நீட்டிய சாட்சியமே தன் நாற்காலியையும் தூக்கிக் கொடுத்துவிட்டது என்பதை அவள் அந்தத் திரையைப் பார்த்தபடி புரிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை பழமலைநாதன் அவளை அழைத்தார். இப்போதும் அவர் பார்வை சுவரிலிருந்த நாட்காட்டியில்தான் இருந்தது. "உருவ வேலைய இனிமே தம்பியே பாத்துக்குவான். நீ சீவுற பக்கம் உக்காந்துக்க. அங்க ஆளு பத்தல."

"அளவு நான் தப்பாச் செய்யலன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா மொதலாளி?"

"அதான் சரியாயிடுச்சே. இன்னும் எதுக்கு அதப் போட்டுக் கிளறுற?"

புதிய ஓட்டுநர்கள் சரியாகவே வந்தார்கள். எண்ணைத் திருத்தியதால் மட்டும் அப்படி வரவில்லை. நீட்டிய கை சூளைச் சூட்டில் தன் எடைக்கே சற்றுத் தொய்ந்து இறங்கும். அதனால் செல்வநாயகி களிமண்ணில் கைமுட்டிகளை ஒரு நெல்மணி அளவு தூக்கி வைத்திருந்தாள். ஸ்கேன் எடுத்தபோது அந்த நெல்மணியும் சேர்ந்தே கணினிக்குள் போயிற்று. அறிவழகனுக்கு அது தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், அன்று எல்லாருக்கும் எண் மட்டுமே தேவைப்பட்டது.

பெட்டிகள் கட்டும் அறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனவள், பெட்டிக்குள் வைக்கும் அட்டை ஒன்றைக் கண்டாள். ஆட்டோவின் படத்துக்குக் கீழே 'சிற்பி: அறிவழகன்' என்று அச்சிட்டிருந்தது. படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள். தண்ணீர் குடிக்கவில்லை.

அடுத்து அஜீஸா கேட்டது டீக்கடை. இதற்குக் களிமண் உருவமே கிடையாது. அறிவழகன் படத்தைப் பார்த்துக் கணினியிலேயே டீ மாஸ்டரை வரைந்து, ஒன்பதில் ஒன்றைக் கூட்டிக்கொண்டான். ஒரு கை தலைக்குமேல் குவளையை நீட்டிப்பிடித்திருந்தது. மறுகை இடுப்புக்குக் கீழே டம்ளரை ஏந்தியிருந்தது. மேல் குவளையின் விளிம்பு டம்ளரின் வாய்க்கு நேராக இருக்கவேண்டும். ஊற்றும் டீயாக ஒரு கண்ணாடிக் கம்பியைப் பிறகு இரண்டுக்கும் நடுவே ஒட்டுவார்கள்.

முதல் வார்ப்பு அவள் பலகைக்கு வந்தது. கையில் எடுத்த கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. படத்தில் உள்ளபடியே கை நேராக நின்றது. ஒரு நெல்மணிகூட உயர்த்தவில்லை. வெந்து வரும்போது குவளை தாழ்ந்து, முன்னே சாய்ந்திருக்கும். கம்பி டம்ளருக்குள் இறங்காது.

அறிவழகன் வந்து அவளருகில் நின்றான். இந்த முறை குரலில் பணிவு இருந்தது. "அக்கா, ஆயிரத்து இருநூறு பீஸு. சூளைக்குப் போறதுக்கு முன்ன ஒரு தடவ பாத்துடுங்க. வேற எதுனா கவனிக்கணுமா?"

அவள் நீட்டிய கையின் தோளில் ஓடிய கோட்டைச் சீவினாள். பஞ்சை நீரில் நனைத்துப் பிழிந்து, கோடு இருந்த அடையாளமே தெரியாதபடி துடைத்தாள்.

"அதெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டிருப்பீங்களே தம்பி," என்றாள்.

"போட்டிருக்கேன்க்கா," என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு அவன் போனான். அவள் அடுத்த டீ மாஸ்டரை எடுத்துக்கொண்டாள்.