சர்வெயிலுக்கு ஐந்து வாக்கியங்கள்

அசோக்குமார் சார் கொடுத்தது ஒரே ஒரு இங்கிலீஷ் சொல். அதை வைத்து ஐந்து வாக்கியங்கள் சரியாக எழுதி வந்தால் நிர்மலாவுக்கு ஒரு நாற்காலி கிடைக்கும்.

ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனி அது. சேர்ந்த நாளிலிருந்து நிர்மலாவுக்கு நின்றபடியேதான் வேலை. ஷிஃப்ட் முடிந்து ஷூவைக் கழற்றினால் கால் இரண்டும் பன் மாதிரி உப்பியிருக்கும். கேமரா அறையில் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிக் கோலாருக்குப் போய்விட்டதால் அந்த இடம் இப்போது காலி. உட்கார்ந்து செய்யும் வேலை. ஆனால் பார்த்ததையெல்லாம் தினமும் இங்கிலீஷில் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

“சர்வெயில். இது வெர்ப். கேமரா ரிப்போர்ட்டுல அடிக்கடி வரும்,” என்றார் எச்.ஆர். அதிகாரி அசோக்குமார். “அன்றாட வாழ்க்கையில இருந்து அஞ்சு வாக்கியம் எழுதிக்கிட்டு நாளைக்குக் காலையில வா. அஞ்சாவது மட்டும் நம்ம ஷெட்டைப் பத்தி இருக்கணும். கேமராவுக்குத் தெரியாதது உன் கண்ணுக்குத் தெரியுதான்னு பாக்கணும்.”

அன்று மாலை கம்பெனி பஸ் பாகலூர் சாலைக்குத் திரும்புவதற்குள் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆளாளுக்கு உதவ வந்தார்கள். கிருஷ்ணகிரியில் பி.ஏ. இங்கிலீஷ் படித்துவிட்டு இங்கே குவாலிட்டி பிரிவில் இருக்கும் வஜிஹாதான் நீதிபதி.

“சர்வெயில்னா கண்காணிக்கிறது. சும்மா பாக்குறது இல்ல. தப்பு ஏதாச்சும் நடக்குமோன்னு சந்தேகத்தோட விடாம பாக்குறது,” என்றாள் வஜிஹா.

“அப்ப அடுப்புல பாலை வெச்சிட்டு நான் பாக்குறேனே, அது?” என்று கேட்டாள் ஜெயமணி. நிர்மலாவோடு அதே லைனில் நிற்பவள்.

“அது சர்வெயில் இல்லக்கா. பாலு மேல உனக்கென்ன சந்தேகம்?”

“என்னாடி இப்படிக் கேட்டுட்ட! நான் பாக்குற வரைக்கும் சும்மா இருக்குது. அந்தாண்ட திரும்புனா பொங்கிடுது. அதைவிடக் கள்ளத்தனம் உண்டா?”

பஸ்ஸே சிரித்தது. வஜிஹா மட்டும் தீர்ப்பை மாற்றவில்லை.

“என் பொண்டாட்டி என் போனை சர்வெயில் பண்றா. எழுதிக்கம்மா,” என்று முன்னாலிருந்து குரல் கொடுத்தார் டிரைவர் திம்மப்பன்.

“இது சரிண்ணா! ரொம்பச் சரி!” என்றாள் வஜிஹா.

“அய்யோ ராமா, சும்மா சொன்னேன். எம் பேரைப் போட்டுடாதீங்க. அவளுக்கு இங்கிலீஷ் வரும்.”

அத்திப்பள்ளிப் பக்கம் போலீஸ்காரர்கள் லாரிகளைக் கண்காணிப்பதாக ஒரு வாக்கியம் வந்தது. தன் வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்று எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாகக் கண்காணிப்பதாக ஜெயமணி ஒன்று கொடுத்தாள். பால் தோற்ற கோபத்தில் சொன்னது என்றாலும் அது தேறிவிட்டது. கம்பெனி குவார்ட்டர்ஸ் நாயை வாட்ச்மேன் கண்காணிப்பதாக இன்னொன்று. நாய்தான் வாட்ச்மேனைக் கண்காணிக்கிறது என்று யாரோ திருத்தினார்கள். எப்படி வைத்தாலும் சரி என்றாள் வஜிஹா. அதோடு நான்கு ஆயிற்று.

ஐந்தாவதை நிர்மலா தானாகவே யோசித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தவள், சட்டென்று எழுதிச் சத்தமாகப் படித்தாள்.

“கேமரா நைன் டஸ் நாட் சர்வெயில் தி கார்னர் பிஹைண்ட் தி வாட்டர் டேங்க். நாராயணம்மா சிட்ஸ் தேர்.”

“ஒரு குறை சொல்ல முடியாது! ஷெட்டைப் பத்தி இருக்குது, கேமராவுக்குத் தெரியாததா இருக்குது. வேலை உனக்குத்தான்,” என்றாள் வஜிஹா. எல்லோரும் கை தட்டினார்கள்.

கடைசி இருக்கையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஷெட்டைப் பெருக்கித் துடைக்கும் நாராயணம்மா. “எம் பேரு வந்துச்சே! இங்கிலீஷுல என்னைப் பத்தி என்னாம்மா?” தன் பெயர் இங்கிலீஷுக்குள் போய் வந்ததில் அவள் முகம் மலர்ந்திருந்தது.

கைதட்டல் நின்றது. துப்புரவு வேலைக்காரர்களுக்கு அந்த ஷெட்டில் உட்கார இடம் கிடையாது. உட்கார்ந்ததை யாராவது பார்த்துவிட்டால் காண்ட்ராக்டர் மறுநாளே வேறு ஆளைக் கூட்டிவருவார். அதனால்தான் அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கேமராவின் கண் படாத மூலையில் கொஞ்ச நேரம் காலை நீட்டிக்கொள்வாள். அது பெண்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொன்னதில்லை.

பொய் சொல்ல நிர்மலாவுக்கு நாக்கு வரவில்லை. “ஒம்பதாம் நம்பர் கேமரா தொட்டிக்குப் பின்னாடி இருக்குற மூலையைக் கண்காணிக்கிறதில்ல. நாராயணம்மா அங்க உக்காருவாங்க. இதாங்க்கா எழுதியிருக்கேன்.”

நாராயணம்மா சற்று நேரம் முந்தானையை மடித்து மடித்துப் பார்த்தாள். “நெசந்தானே. இருக்கட்டும், எழுது. உனக்குக் கால் வீங்குது பாவம். நான் வேற மூலை பாத்துக்கறேன்.”

திட்டியிருந்தால் நிர்மலாவும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பாள். இரக்கப்படுகிறவர்களிடம் அப்படித் தப்பிக்க முடிவதில்லை. வீட்டுக்குப் போய் சாமி விளக்கை ஏற்றினாள். வேலை கிடைக்க வேண்டும் என்று கும்பிடத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்த வேலையைக் கேட்டால் அந்த வாக்கியத்தையும் சேர்த்துக் கேட்டதாக ஆகிவிடுமே. கையை இறக்கிவிட்டு, ஐந்தாவது வரியை அழுத்தி அடித்தாள். வேறு எதுவும் தோன்றவில்லை.

காலையில் அசோக்குமார் நான்கு வாக்கியங்களுக்கும் டிக் போட்டார். போனைக் கண்காணிக்கும் மனைவியைப் படித்ததும், “எந்த வீட்டுலயும் இதான்,” என்று முணுமுணுத்துக்கொண்டார். பிறகு தாளைத் திருப்பினார். “அஞ்சாவது எங்க? அதுதானே முக்கியம்?”

மேசைக்கு முன்னால் நின்றிருந்த நிர்மலா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினாள். வலது பாதம் ஷூவுக்குள் விண்ணென்று தெறித்தது. வாயைத் திறந்தபோது அந்த வலிதான் பேசியது.

“மெனி கேமராஸ் சர்வெயில் அவர் ஹேண்ட்ஸ், சார். நாட் ஒன் கேமரா சர்வெயில்ஸ் அவர் ஃபீட்.”

எங்கள் கைகளை எத்தனையோ கேமராக்கள் கண்காணிக்கின்றன, கால்களை ஒன்றுகூடக் கண்காணிப்பதில்லை. அசோக்குமார் அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

“காலைப் பாத்தா என்ன தெரியும்?”

“வீக்கம் தெரியும் சார்.”

அவர் பேனாவை மூடினார். “இதை ரிப்போர்ட்ல எழுதி அனுப்ப முடியாதே.”

“தப்பா சார்?”

“சரியா இருக்குது. அதுதான் தொந்தரவு.” இவ்வளவு நேரமும் அவள் நின்றுகொண்டே இருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலும். எழுந்து வந்து, ஃபைல் அடுக்கியிருந்த நாற்காலியைக் காலிசெய்து, அவளருகே இழுத்துப் போட்டார். “உக்காரும்மா. திங்கக்கெழமை கேமரா ரூமுக்குப் போயிடு.”

மனிதர் மனதில் எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று திறக்கிறவனுக்குத்தான் தெரியும்.

மாலை பஸ்ஸில் நாராயணம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “கெடைச்சிடுச்சாமே! எம் பேரைச் சொன்னியா?”

“இல்லக்கா. என் காலைச் சொன்னேன்.”

“அட போம்மா! எம் பேரையும் சேத்துச் சொல்லியிருந்தா எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருப்பாங்கல்ல?”

நிர்மலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “நாளைக்கு நீயே கேளுக்கா. நான் கூட வரேன்.”

“தமிழ்ல கேட்டா குடுப்பாங்களா? அந்தச் சொல்லை வெச்சு எனக்கும் ஒண்ணு கட்டிக் குடு.”

வஜிஹா தீவிரமாக யோசித்தாள். “நாற்காலி கேக்குறதுக்கு அந்தச் சொல்லு ஒத்துவராதுக்கா.”

“அவளுக்கு அதுலதானே கெடைச்சுது?”

“உனக்கு ப்ளீஸ் போதும். சொல்லு பாக்கலாம். சார், ஒன் சேர் ப்ளீஸ்.”

“சாரு, ஒன்னு சேரு பிளீசு.”

“தாராளமா போதும்மா! எம் பொண்டாட்டி இப்படிக் கேட்டா நான் போனையே குடுத்துடுவேன்,” என்றார் திம்மப்பன்.

பேரிகை வரும்வரை பஸ் முழுவதும் அதையே சொல்லிக்கொண்டு போனது. இறங்குவதற்குப் படியில் கால் வைத்த நாராயணம்மா திரும்பிப் பார்த்தாள்.

“ஏ நிர்மலா, சாரு காலையில எத்தனை மணிக்கு வருவாரு?”