பழகிடும் சார்

அப்பாவின் வலது காதில் மிஷின் மாட்டிய நான்காம் நாளே கடைக்குப் போய், "ஒண்ணும் கேக்கலையே" என்றோம். கழுத்தில் டை கட்டிய கடை மேலாளர், எங்கள் வீட்டில் அவர் பெயரே டை, "பழகிடும் சார். மூளை பழக மூணு மாசம் ஆகும்" என்றார். ஒன்பதாம் நாள் போனபோதும் அதையே சொன்னார், குரலில் கொஞ்சம் கூடுதல் கருணையோடு.

ரசீதின் பின்பக்கத்தில், எறும்பு படித்தால்கூட மூக்குக்கண்ணாடி தேடும் எழுத்தில், பொருளைத் திருப்பித் தரும் கெடு பதினைந்து நாள் என்று அச்சிட்டிருந்தது. பழக மூன்று மாதம், திருப்பித் தரப் பதினைந்து நாள். இதுவரை கணக்கு வாத்தியார் யாரும் அந்தக் கடையில் காது மிஷின் வாங்கவில்லை போலும்.

பதினான்காம் நாள், சனிக்கிழமை காலை, மூன்றாம் முறையாகக் கிளம்பினோம்.

அப்பாவுக்குப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் வேலை. இருபத்து மூன்று வருடமாக ஒரே கண்ணாடிக்குப் பின்னால். போன மாதம் மாஸ்க்கைக் கழற்றாமல் டிக்கெட் கேட்ட ஒருவரை, மனைவி மக்களோடு, எதிர்த்திசையில் இரண்டு மணி நேரம் அனுப்பிவைத்துவிட்டார். புகார் வந்தது. திங்கட்கிழமை அலுவலக மருத்துவர் காதைச் சோதிக்கப்போகிறார். முதுகுக்குப் பின்னால் நின்று பேசுவாராம். கேட்காவிட்டால் அப்பாவைப் பார்சல் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். பார்சல் பேசாது, அதனால் அங்கே காது தேவையில்லை.

"இனிமே மூட்டைங்களோட குடும்பம் நடத்துன்னு சொல்றாங்க" என்றார் அப்பா.

"இத்தனை வருஷமா நான் என்ன பண்றேனாம்?" என்றாள் அம்மா.

வழக்கமாக இதற்கு ஒரு பதில் வரும். அன்று வரவில்லை. ஒன்று அவருக்குக் கேட்கவில்லை, அல்லது பயந்திருந்தார். இரண்டும்தான்.

கடையில் சோதனைக்கென்று ஒரு கண்ணாடி அறை உண்டு. சத்தம் உள்ளே போகாது. உள்ளே பேசுவது மட்டும், வெளியே காத்திருப்பவர்களின் பொழுதுபோக்குக்காகவோ என்னவோ, சுவரில் இருந்த ஒரு சின்ன ஸ்பீக்கரில் கேட்கும். அன்று நாற்காலிகளில் நான்கு பேர் காத்திருந்தார்கள்.

சோதனை செய்யும் பெண் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அவர் திருப்பிச் சொல்லவேண்டும்.

"வீடு."

"வீடு."

"கோழி."

"கோழி."

அப்பாவுக்குப் பரீட்சை என்றால் ஒரு மிதப்பு. தோற்கப் பிடிக்காது. மிஷின் சரியில்லை என்று சொல்ல வந்தவர், வந்த காரியத்தை மறந்து நூற்றுக்கு நூறு வாங்கப் பார்த்தார். வெளியே அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "பாஸாகித் தொலைக்கப்போறாருடா."

"பயிர்" என்றாள் அந்தப் பெண்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, தேசிய கீதம் பாடும் முகத்தோடு, தெளிவாக, "மயிர்" என்றார்.

ஸ்பீக்கர் நல்ல தரமானது. காத்திருந்தவர்களில் ஒரு பெரியவர் தன் மிஷினைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"சார், இது மரியாதையான இடம்" என்று டை என்னிடம் சொன்னார், ஏதோ நான் சொல்லிக்கொடுத்து அனுப்பியதுபோல. பிறகு மதிப்பெண் தாளை நீட்டினார். "இருபதுக்குப் பதினேழு. மிஷின் பிரமாதமா வேலை செய்யுது. இதுல திருப்தின்னு அப்பாவை ஒரு கையெழுத்து போடச் சொல்லுங்க தம்பி."

"வீட்டுல கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறாரு" என்றாள் அம்மா.

"மேடம், கல்யாணமான ஆம்பளைங்க யாருமே திரும்ப மாட்டாங்க. அதுக்கெல்லாம் வாரண்டி கிடையாது."

நான் தாளைப் பார்த்தேன். தப்பானவை மூன்று. படி என்றதற்கு மடி. பாலை என்றதற்கு மாலை. மூன்றாவது ஊருக்கே தெரியும். மூன்றிலும் 'ப' இருந்த இடத்தில் 'ம' வந்திருந்தது. வாடிக்கையாளர் மிஷினை மாட்டி அழகு பார்க்க வைத்திருந்த கண்ணாடி முன்னால் போய் நின்று, "பாலை, மாலை" என்றேன். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரி மூடி, ஒரே மாதிரி திறந்தது. இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். காத்திருந்த பெரியவர் என் பக்கம் பரிதாபமாகப் பார்த்தார்.

அப்பா காதால் கேட்கவே இல்லை. கவுண்டர் கண்ணாடியில் குரல் வர விட்டிருக்கும் ஓட்டை, நிற்பவரின் தொப்புளுக்கு நேரே இருக்கிறது. இருபத்து மூன்று வருடமாக அந்த வழியாகச் சில்லறைதான் ஒழுங்காக வந்திருக்கிறது. ஊர் பெயரெல்லாம் அவருக்கு உதட்டிலிருந்து வந்தது. மாஸ்க் போட்டவர் மாட்டிக்கொண்டார். இதில் வேடிக்கை, இது அப்பாவுக்கே தெரியாது.

கண்ணாடி அறையின் கதவைத் திறந்தேன். "அக்கா, ஒரு தடவை வாயை மறைச்சுட்டுச் சொல்லுங்களேன்."

"அதெல்லாம் எங்க முறையில இல்ல" என்று டை பின்னாலேயே வந்தார்.

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த ஃபைலை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள். "கோழி" என்றாள்.

அப்பா சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

"வீடு."

அப்பா ஃபைலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முயன்றார். "ஏம்மா, ஃபைலை எடேன். மறைக்குது, கேக்..."

அங்கேயே நிறுத்திவிட்டார். மறைக்கிறது, கேட்கவில்லை. தான் சொன்னதைத் தானே உள்ளே ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. எந்தப் பரீட்சையிலும் தோற்காத மனிதர் மெதுவாக, "கேக்கலைம்மா" என்றார்.

அந்தப் பெண் மிஷினைக் கழற்றி, டாக்டர் ஸ்டெதாஸ்கோப் போல ஒரு குழாயில் பொருத்தித் தன் காதில் வைத்துக் கேட்டாள். "சார், விளக்கு எரியுது, சத்தம் வரலை. செத்துப்போயிருக்கு" என்றாள். அப்பா அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டை தொண்டையைச் செருமினார். "வேர்வை பட்டிருக்கும். கம்பெனிக்கு அனுப்பணும். ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் இதையே போட்டுட்டிருங்க, பழகிடும்."

"செத்ததோட என்னத்தைப் பழகறது?" என்றாள் அம்மா.

அப்பா மிஷினை வாங்கித் திரும்பவும் காதில் மாட்டிக்கொண்டார். அந்தப் பெண்ணிடம், "நீ கொஞ்சம் வெளிய இரும்மா" என்றார். அவள் வெளியே வந்ததும் எழுந்து கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டு, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டார். எங்களுக்குத் தெரிந்தது அவருடைய முதுகும் பின்னந்தலையும்தான்.

டை கதவைத் தட்டினார். "சார்! சார், வெளிய வாங்க, பேசிக்கலாம்."

ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் நிதானமாக வந்தது. "உங்க மிஷினைப் போட்டுட்டுத்தான் உக்காந்திருக்கேன். நீங்க கூப்பிட்டிருந்தா கேட்டிருக்கும்."

காத்திருந்தவர்களில் ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடையில் சோதனை அறை அது ஒன்றுதான். அப்பா மேலும் சொன்னார்: "எனக்குச் சொல்றதுக்கு ஏதாவது இருந்தா எழுதிக் குடுங்க. கதவுக்குக் கீழ சந்து இருக்கு."

"தம்பி, அப்பாகிட்ட சொல்லுங்க" என்றார் டை.

"எப்படி சார் சொல்றது? அவருக்குக் காது கேக்காதே" என்றேன்.

முதல் தாள் 'வெளியே வரவும்' என்று போயிற்று. அதே தாள், 'எதற்கு?' என்று எழுதித் திரும்பியது. இரண்டாவது, 'மிஷினைச் சரிசெய்து தருகிறோம்.' திரும்பி வந்ததில்: 'அப்படியானால் பழுது உண்டு என்று ஒப்புக்கொள்கிறீர்களா? ஆம் / இல்லை. பொருந்தாததை அடிக்கவும்.' அப்பா இருபத்து மூன்று வருடம் படிவங்களோடு வாழ்ந்தவர்.

டை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். வாயால் சொன்னது எதுவும் வாயோடு போய்விடும். இங்கே ஒவ்வொரு வார்த்தையும் தாளாகி உள்ளே சேர்ந்துகொண்டிருந்தது. இதற்குள் காத்திருந்தவர்களில் ஒருவர் தன் ரசீதைத் திருப்பி, பின்பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க ஆரம்பித்தார். பெரியவர், "எனக்கும் ஒரு தடவை அந்த ஃபைலை வச்சு டெஸ்ட் பண்ணும்மா" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

டை 'இல்லை'யை அடித்தார்.

ஐந்தாவது தாளில்தான் முழுசாக எழுதினார்: 'விற்ற மிஷின் பழுதானது. இன்றே புது மிஷின் மாற்றித் தருகிறோம். திருப்பித் தரும் கெடு இன்றிலிருந்து மூன்று மாதம்.' மூன்று மாதம் என்பதை அப்பா நாலாவது தாளில் எழுதிக் கேட்டிருந்தார், பழகுவதற்கு அவ்வளவு ஆகும் என்று கடையே சொன்னதை ஆதாரமாகக் காட்டி.

தாள் திரும்பி வந்தது. 'தேதி, கையெழுத்து, சீல்.'

சீல் வைத்து அனுப்பினார். மறுபடியும் வந்தது. 'சீல் மங்கல்.'

தாழ்ப்பாள் திறந்தது. அந்தப் பெண் புது மிஷினைப் பிரித்து, குழாயில் வைத்துத் தன் காதால் கேட்டுப் பார்த்த பிறகே அப்பா காதில் மாட்டினாள். யாரும் சொல்லாமலே அவருக்குப் பின்னால் போய் நின்று இருபது சொல்லும் சொன்னாள். பதினெட்டு சரி. அப்பா மதிப்பெண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

வாசலை நோக்கி நடந்தோம். பின்னால், தன் மேசையில் உட்கார்ந்தபடியே, டை திட்டுவதுபோல மிக மெல்ல ஏதோ முனகினார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அம்மாவுக்கும் கேட்கவில்லை.

அப்பா திரும்பிப் பார்க்காமலே, "நீங்களும்தான் சார்" என்றார்.