சேலைக்குக் கீழே ஒரு குருத்து

1

இந்தக் கதை பக்தியில் பிறந்ததல்ல, வேடிக்கை பார்த்ததில் பிறந்தது. இத்தாலியின் பலேர்மோவில் எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள் உயிர்ப்புத் திருநாளுக்கு ஒரு சிறப்பு மலர் அச்சடிக்கிறார்கள். குருத்தோலை ஞாயிறு பற்றி ஒரு பக்கம் வேண்டும், ஞாயிறுக்கு முந்தின நாளே தர வேண்டும் என்று பங்குச் சுவாமி கேட்டிருந்தார். பல்கனியில் உட்கார்ந்து "எருசலேம் நகரின் வீதிகளிலே" என்று தொடங்கினேன். அதற்கு மேல் ஓடவில்லை. கீழே பார்த்தேன். கீழ்வீட்டு முற்றத்தில் ஒரு நைலெக்ஸ் சேலையை நாலு மூலையும் இழுத்துக் கட்டியிருந்தது. காயப்போட்ட சேலை அல்ல. அதன் கீழே இடுப்புயரத்தில் ஒரு பனை நின்றது.

2

முதல் தொடக்கம்: "அற்புதமலர் அன்று கண்ணீர் விட்டு—" (பொய். அவள் அழவில்லை, ஏசினாள்.)

இரண்டாம் தொடக்கம்: "புலம்பெயர்ந்த மண்ணில் வேரூன்றத் துடிக்கும் ஒரு பனையைப் போல—" (அந்தப் பனை எதற்கும் துடிக்கவில்லை. பல்லரோ சந்தையில் செடி விற்கும் கிழவனிடம் வாங்கியது. என்னைவிட நல்ல இத்தாலிப் பிரசை.)

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கீழ்வீட்டில் இருப்பவர்கள் எமிலியானுஸும் அவன் மனைவி அற்புதமலரும். அவன் துறைமுகத்தில் சாமான் ஏற்றுகிறான். அவள் காலையில் ஒரு சிஞோரா அம்மாவின் வீட்டையும் பின்னேரம் இன்னொரு சிஞோரா வீட்டையும் துடைக்கிறாள். அவர்கள் முற்றத்துக்கு வெயில் வராது. ஒரு பக்கம் மதில், மற்றப் பக்கம் மஞ்சள் பழம் பழுக்கும் ஒரு நெஸ்போலோ மரம். தக்காளி வைத்தாள், வெளுத்து நீண்டு படுத்துவிட்டது. கத்தரி பூக்கவே இல்லை. பிறகுதான் கிழவன், எங்கள் ஊர்ப் பனை போலல்லாமல் நிழலுக்கென்றே இருக்கும் இந்த வகைப் பனையைக் காட்டினான். குளிர் இதை ஒன்றும் செய்யாது, நேர் வெயில்தான் ஆகாது என்றான்.

வேரைச் சுற்றிக் காய்ந்த இலை பரப்பி, தண்ணீர் தேங்காமல் பார்த்து வளர்த்தாள். கிழமைக்கு ஒருதரம் ஓலையை ஈரத்துணியால் துடைப்பாள். நாள் முழுக்கப் பிறர் வீட்டுத் தூசியைத் துடைத்துவிட்டு வருகிறவள், இதை மட்டும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு துடைப்பாள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

3

எமிலியானுஸ் என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. இவ்வளவு நல்ல மனதோடு ஒருவன் இவ்வளவு பிழை விடுவானா? மன்னாரில் பிறந்தவன், நிழலில் நிற்கும் பனையை அவனால் பொறுக்க முடியவில்லை. போன ஆவணியில், அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து நெஸ்போலோ மரத்தின் கொப்புகளை வெட்டித் தள்ளிவிட்டான்.* அவளைச் சந்தோசப்படுத்தவாம்.

சில நாளில் ஓலை வெளுத்து நுனி கருகியது.

"பனைக்கு வெயில் ஆகாதெண்டு ஆர் கண்டது?" என்றான்.

"கடைக்காரன் சொன்னவன். நானும் சொன்னனான். உங்களுக்குத்தான் காது கேக்கேல்லை."

அன்றைக்கே அவள் பெட்டியைத் திறந்து, கோயிலுக்குக் கட்டுகிற சேலையை எடுத்து மேலே பந்தலாகக் கட்டினாள். குளிர்காலம் முழுக்கப் பனை சும்மா நின்றது. இந்தப் பங்குனியில்தான் நடுவிலிருந்து ஒரு குருத்து எழும்பியது.

(* இதற்காக வீட்டுச் சொந்தக்காரி என்னைப் பிடித்துக் கத்தினாள். அது வேறு கதை. அதில் நல்லவர்கள் யாருமில்லை.)

4

குருத்தைக் கண்டதும் எமிலியானுஸ் பூசைக்கு வந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டான்: இந்த வருசம் குருத்தோலை ஞாயிற்றுத் தமிழர் பவனியில் முன்னால் போகும் சிலுவை அவன் வீட்டுக் குருத்தில் செய்ததாக இருக்கும். சந்தையில் பின்னிய ஓலை விற்கிறார்கள், ஒலிவக் கிளையும் கிடைக்கும். அதெல்லாம் அவனுக்குப் போதாது. செடி விற்ற கிழவனோ, கருகின மரத்தில் இருக்கும் ஒரே நல்ல ஓலை இது, வெட்டினால் தப்புமோ தெரியாது என்கிறான்.

நான் எழுதுவது தெரிந்து எமிலியானுஸ் ஒரு பை சாளை மீனோடு மேலே வந்தான். (பெயரை மாற்றட்டுமா என்றேன். இருவருமே வேண்டாம் என்றார்கள்.)

"அக்கா, அவள் தானாத் தந்ததெண்டு எழுதுங்கோ. வாசிச்சால் மனம் மாறுவாள்."

"கதை வாசிச்சு ஆராவது மனம் மாறினதைக் கண்டனியோ?"

"இல்லை. எண்டாலும் எழுதுங்கோ."

அடுத்த நாள் அவள் வந்தாள்.

"இவர் வெட்டாமல் விட்டவரெண்டு எழுதுங்கோ அக்கா. எல்லாரிட்டையும் பெருமையடிச்சுப் போட்டார். வெறுங்கையோட போனால் சிரிப்பினம். கதையிலையாவது அவர் பெரிய மனுசனா நிக்கட்டும்."

"அப்ப உனக்கு அவரிலை கோவமில்லையோ?"

"கோவம் இருக்கு. அது வேறை."

5

முடிவு அ: அவன் வெட்டுகிறான், பனை பட்டுப்போகிறது. எனக்கு எழுத்தாளர் என்று பெயர் கிடைக்கும். ஆனால் சாளை தின்ற வாய்.

முடிவு ஆ: அவளே வெட்டிக் கொடுக்கிறாள், உயிர்ப்பு ஞாயிறன்று புதுக் குருத்து எழும்புகிறது. சுவாமிக்குப் பிடிக்கும். பனைக்கு நாட்காட்டி தெரியாது.

முடிவு இ: அவன் வெறுங்கையோடு பவனியில் போக, எல்லோரும்— (இதை எழுதக் கை வரவில்லை.)

6

இன்று சனிக்கிழமை பின்னேரம். காலையிலிருந்து சிரொக்கோ, ஆபிரிக்காவிலிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்று, ஊரைப் போட்டு உலுப்புகிறது. கீழே எமிலியானுஸ் குசினிக் கத்தியோடு வந்து நின்றான். அற்புதமலர் இன்னும் வரவில்லை.

சேலையின் ஒரு மூலை கழன்று, குருத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேலையை எட்டிப் பிடித்து, கப்பல் கயிறு கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டினான். மற்ற மூன்று மூலையையும் இழுத்துப் பார்த்தான். பிறகு கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே பார்த்தான்.

"எழுதி முடிச்சிட்டியளோ அக்கா?"

"இல்லை."

"அவசரமில்லை," என்று பனைக்குப் பக்கத்தில் குந்தினான்.

தெருக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அற்புதமலர்தான். நான் பேனாவை மூடி, உள்ளே வந்து பல்கனிக் கதவையும் சாத்திவிட்டேன். இனி நடப்பது புருசன் பெண்சாதிக்குள் நடப்பது.

இதுவரை எழுதியதைச் சுவாமியிடம் கொடுக்கிறேன். மலர் உங்கள் கைக்கு வரும்போது குருத்தோலை ஞாயிறு முடிந்திருக்கும். பவனியில் எமிலியானுஸின் கையில் என்ன இருந்தது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். வெறுங்கையோடு வந்திருந்தால், நீங்கள் சிரித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.