இரண்டாவது பிரேக்

"கண்ணாடியைப் பாருங்க. கிளட்ச்சை முழுசா அமுக்குங்க. இப்ப மெதுவா விடுங்க" என்று அவள் சொல்லச் சொல்ல, கார் சொன்னபடியே வாசலைவிட்டு நகர்ந்தது.

"யாருக்கும்மா பாடம் எடுக்கிறே?" என்றார் பக்கத்து இருக்கையிலிருந்த முதலாளி.

"எனக்குத்தான் அண்ணே. வாய் பழகிப்போச்சு."

அவருடைய ஓட்டுநர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பக்கத்து இருக்கைதான் அவளுடைய இடம். அதன் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. புதிதாக ஓட்டுபவர் தடுமாறினால் சொல்லிக்கொடுப்பவர் மிதிக்க வேண்டியது அதைத்தான். அது அவள் கால்விரலின் நீட்சிபோலவே ஆகிவிட்டதால் மாணவர்கள் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்று அந்த பிரேக்குக்கு மேலே முதலாளியின் செருப்புக்கால் இருந்தது. "ஊரை ஒரு சுத்து சுத்துவோம். என் கால் ஒரு தடவை அதுமேல விழுந்தாலும் நீ ஆபீஸ்ல போன் எடுக்கிற வேலையைப் பாரு. கோச்சுக்கக் கூடாது" என்று கிளம்புமுன் சொல்லியிருந்தார். அவர் அப்படி மூஞ்சிக்கு நேராகச் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் எல்லோரும் அவளைக் கண்ணாடிப் பாத்திரம்போல இரண்டு கையாலும் பிடித்துப் பிடித்து அலுக்க வைத்திருந்தார்கள்.

போன வருடம் அவள் அவளாக இல்லை. முதலில் வந்தது குளிர். ஊரே விசிறிக்கொண்டிருக்க அவள் ஸ்வெட்டர் போட்டாள். பிறகு குரல் தடித்தது, முகம் உப்பியது, சொற்கள் நாக்குக்கு வரும் வழியில் எங்கோ உட்கார்ந்துகொண்டன. வலப்பக்கம் திரும்பச் சொல்ல நினைத்துக் கையை மட்டும் காட்டினாள். காலையில் எழும்போதே ஒரு துக்கம் போர்வைக்குள் காத்திருந்தது. யார் செத்ததற்கு என்று தெரியாத துக்கம். அப்புறம் சந்தேகம். ஒரு பல் டாக்டரம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஆளில்லாத சாலையில் திரும்பத் திரும்ப பிரேக்கை மிதித்துவிட்டு, "எல்லாரும் சேர்ந்து என்னைக் கொல்லப் பாக்குறீங்க" என்று கத்தி, நடுரோட்டில் இறங்கி அழுதாள். முதலாளிதான் வந்து கூட்டிப்போனார். வழியெல்லாம் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மனநல மருத்துவரிடம் போனபோது அந்தம்மா அவள் பேச்சைவிட ஸ்வெட்டரைத்தான் அதிகம் பார்த்தார். எழுந்து வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும், "உங்க உடம்பே உங்க தைராய்டை வேத்தாள்னு நினைச்சு அடிச்சிட்டிருக்கு. அதோட சுரப்பு கொறைஞ்சா மூளை மந்தமாகும், மனசு இருண்டுபோகும். சில பேருக்கு இப்படிப் பயமும் சந்தேகமும்கூட வரும்" என்றார். மாத்திரை வேலை செய்ய மாதங்கள் ஆயின. ஒரு காலை போர்வைக்குள் துக்கம் இல்லை. பல் விளக்கி முடித்த பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது.

"கேட்டா வெறும் தைராய்டுன்னு சொல்லு. தலைக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லு" என்று இன்று கிளம்பும்போதுகூடக் கணவன் சொல்லி அனுப்பியிருந்தான். பாவம், அவளுக்காகத்தான் சொன்னான்.

சந்தைத் தெருவுக்குள் கார் நுழைந்தது. ஒரு வேனின் பின்னாலிருந்து சைக்கிள்காரர் ஒருவர் வானத்தைப் பார்த்தபடி குறுக்கே வந்தார். கார் குலுங்காமல் நின்றது. முதலாளியின் கால் பாதி தூரம் கிளம்பி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் பிடிச்சுட்டேன் அண்ணே. நீங்க காலைக் கீழ வைங்க."

அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சைக்கிள்காரர் போன திசையில் ஏதோ கெட்ட வார்த்தையை மென்றார். பிறகு கேட்டார்.

"அன்னைக்கு ரோட்டுல அழுதியே. அதுவும் தைராய்டுதானா?"

"கழுத்துல தொடங்குச்சு, தலைக்கும் போச்சு. எனக்குப் புத்தி கலங்கினது நிஜம்தான் அண்ணே. இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"மறுபடி வருமா?"

"மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. அப்பப்ப ரத்தம் பாக்கணும். வந்தாலும் வரலாம். வந்தா, நீங்க கேக்கறதுக்கு முன்னாடி சாவி உங்க மேஜையில இருக்கும்."

சொல்லி முடித்தபோது தன் குரல் தெளிந்திருப்பதை அவள் கேட்டாள். கூச்சப்பட வேண்டிய இடம் என்று எல்லோரும் காட்டிய இடத்தில் அவளுக்கு ஒரு நிமிர்வுதான் வந்தது. அந்த இருட்டுக்குள் போய்த் திரும்பி வந்தவள் அவள். வழி தெரியும்.

கார் மேம்பாலம் ஏறியது, ரவுண்டானா வந்தது, ஒரு லாரியை அவள் முந்தவிட்டாள். பதிலுக்காகக் காத்திருப்பதை மறந்து சாலையை மட்டும் பார்த்து ஓட்டத் தொடங்கியிருந்தபோது, பக்கத்திலிருந்து கொர்ரென்று ஒரு சத்தம். என்ஜினோ என்று பயந்து காதைக் கொடுத்தாள். என்ஜின் இல்லை.

இத்தனை வருடத்தில் யார் ஓட்டினாலும் அந்த மனிதர் கண்ணைச் சிமிட்டிக்கூட அவள் பார்த்ததில்லை. இப்போது வாய் லேசாகத் திறந்திருக்க, தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்ட பாதங்கள் இருக்கைக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

பள்ளியின் வாசல் வந்தது. கணவன் அங்கே நகத்தைக் கடித்தபடி நின்றிருந்தான். வேகத்தைக் கொஞ்சம்கூடக் குறைக்காமல், உதட்டில் விரல் வைத்து அவனுக்குச் சைகை காட்டிவிட்டு, மேடுபள்ளம் இல்லாத சாலையாகப் பார்த்து அவள் இன்னொரு சுற்றுக்குத் திருப்பினாள்.