கையைத் தூக்கிட்டு நில்லுங்க

என் வீட்டுக்காரருக்கு லாரி எடை மேடையில வேலை. பின்சக்கரத்தைக் கொஞ்சம் வெளியில விட்டு நிறுத்தி எடையைக் குறைக்கப் பார்க்கிற டிரைவர்களை, உட்கார்ந்த இடத்துலேர்ந்தே பிடிச்சிடுவார். "என்கிட்டயேவா?"ன்னு ஒரு சிரிப்பு வேற.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு இதயம் பலவீனமாப் போச்சு. உப்பைக் குறைங்க, தண்ணியை அளந்து குடிங்க, தினமும் காலையில எடை பாருங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா உடம்புல நீர் கோக்குதுன்னு அர்த்தமாம், உடனே போன் பண்ணணுமாம்.

குளியலறையில அவர் மெஷின் மேல ஏறுவார், நான் குனிஞ்சு நம்பரைப் பார்ப்பேன். தினமும் அதே எடை. எனக்கும் நிம்மதி.

ஆனா கால் செருப்புக்குள்ள நுழைய மாட்டேங்குது. கேட்டா, செருப்பு நனைஞ்சு சுருங்கிடுச்சாம்! படுத்தா மூச்சு வாங்குதுன்னு என் தலையணையையும் பிடுங்கிக்கிட்டார். அது மெத்தை சரியில்லையாம்.

அன்னிக்குக் காலையில நான் குனிஞ்சேன். தலைக்கு மேல 'டமார்'னு ஒரு சத்தம். நம்பர் மூணு கிலோ எகிறிடுச்சு. நிமிர்ந்து பார்த்தா, துண்டு போடுற கம்பி சுவத்துலேர்ந்து பேர்த்துக்கிட்டு வந்து அவர் கையில இருக்கு. துண்டு அவர் தலையில.

"அடப்பாவி மனுஷா! தினமும் இதைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டா எடை பார்த்தீங்க? வேலியே பயிரை மேயுதே!"

அவர் துண்டுக்குள்ளேர்ந்தே முனகினார். "ஏறிடுச்சுன்னு தெரிஞ்சா ஆஸ்பத்திரியில படுக்க வச்சிடுவாங்கடி. போன தடவை என் பக்கத்துல அந்த இரும்பு நாற்காலியில உட்கார்ந்தே தூங்கிட்டு, நிமிர முடியாம முதுகைப் பிடிச்சிக்கிட்டு நின்னியே. அதான்."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்துச்சு.

"முதுகு வலிச்சா தைலம் தேய்ச்சுக்குவேன். நீங்க இல்லாமப் போயிட்டா எதைத் தேய்ச்சுக்குவேன்?"

கம்பியைக் கீழ வச்சிட்டு, போனை எடுத்து அவரே டாக்டரைக் கூப்பிட்டார். உடனே வரச் சொன்னாங்க. பரிசோதிச்சு, நீர் மாத்திரையைக் கூட்டி, நல்லா திட்டி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. திட்டினதுல எனக்குப் பரம திருப்தி.

மறுநாள் காலையில, சொல்லாமலே ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு மெஷின் மேல ஏறினார். "நாலு சக்கரமும் மேடையிலதான் இருக்கு, பார்த்துக்கோ"ன்னார். குனிஞ்சு பார்த்தேன், எடை இறங்கியிருந்துச்சு.

கையை இறக்கச் சொல்லலாம்தான். கொஞ்ச நேரம் அப்படியே நிக்கட்டும்னு விட்டுட்டேன்.